ரோதை முனிக்கு யார் சூடம் கொளுத்துவது?

கேள்வி: இலங்கை மலையகத்துத் தோட்டக் கோயில்கள் எவ்வளவு பழையவை? அவற்றுக்கென்று தனி வழக்கங்கள் உண்டா?

உண்டு. டிக்கோயாப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் மாரியம்மன் கோயில் எப்போது வந்தது என்று கேட்டால் அப்பாயி, "கோப்பிக் காலத்துலயே கல்லு இருந்துச்சாம்" என்பார். அவ்வளவுதான் வரலாறு. கல்வெட்டெல்லாம் கிடையாது. தேயிலைக்கு முன்னால் இங்கே கோப்பித் தோட்டங்கள்தான். 1869இல் தலைகாட்டிய இலைநோய் அடுத்த இருபது வருடங்களுக்குள் கோப்பியைத் தின்று தீர்த்தது. அப்பாயி சொல்வது சரியென்றால் கல்லுக்கு 130 வயதாவது இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த சனம் அது. காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கொள்ளை நோய்க்குப் பயந்தவர்கள் வேறு யாரைக் கும்பிடுவார்கள்? மலையகத்தில் திரும்பிய பக்கமெல்லாம் மாரியம்மன் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

திருவிழா உங்கள் ஊரில் நடப்பது மாதிரிதான்: கரகம் பாலிப்பது, தப்பு, தீமிதிப்பு, மஞ்சள் நீர். எங்கள் தோட்டத்தில் வரிக்காசைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், அது ஒன்றுதான் புதுசு.

ஆனால் வேலையோடு பிறந்த சாமிகளை வேறெங்கும் பார்க்க முடியாது. கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை, தொடங்கும் நாளில் மலையிலேயே ஒரு தேயிலைச் செடியடியில் கல்லை நட்டு, கத்திகளை அடுக்கி, கவ்வாத்துச் சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள். கூர்க்கத்தி வழுக்கினால் கால் போய்விடும், அந்தப் பயம்தான். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், ரோதை முனி. ரோதை என்றால் சக்கரம். கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் கை மாட்டிக்கொள்ளாமல் காக்கிறவர். ஊரிலிருந்து கொண்டுவந்த முனிக்கு இங்கே இயந்திரத்தின் பேரை வைத்துவிட்டார்கள். எனக்கு இதைவிடப் பெரிய தல வரலாறு தேவையில்லை.

அப்புறம் காமன் கூத்து, சிவன் மன்மதனை எரித்த கதை. மாசி அமாவாசை கழிந்து பிறை கண்டதும் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி தப்பும் ஆட்டமும். பகல் முழுக்க மலையில் முள்ளுக் குத்திய (முள்கரண்டி மாதிரிக் கருவியால் மண்ணைக் கிளறிய) அண்ணன், ராத்திரி சேலை கட்டி ரதியாக நிற்பார். பௌர்ணமி ராத்திரி காமன் எரிந்ததும் ரதி புலம்புவாள் பாருங்கள், சால்வையைப் போர்த்திக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருக்கும் பொம்பளைகள் எல்லோரும் சேர்ந்து அழுவார்கள். அவர்கள் ரதிக்காக மட்டும் அழவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனையோ வீடுகள் இரண்டாகப் பிரிந்து பாதிச் சனம் இந்தியாவுக்குப் போனது. எங்கள் கோயில் வெண்கல மணிகூட அப்படிப் போன ஒரு குடும்பம் கடைசியாக வாங்கிக் கட்டிய மணிதான்.

இப்போது கோயில் பெரிசு. கோபுரம் எழும்பிவிட்டது, ஐயர் வந்து பூசை செய்கிறார், கிடா வெட்டு நின்றுவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் திருப்பணி நடந்தபோது பழைய கல்லைப் பின்பக்கம் வேலியோரம் தள்ளிவைத்தார்கள் பாருங்கள், அதுதான் மனசு ஆறவில்லை. அப்பாயி சாகும்வரை முன்வாசல் வழியாகப் போகவே இல்லை. நேரே வேலியோரம் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

ஸ்டோரை மூடிப் பல வருடமாகிறது. கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. போன தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். கூரைத் தகரம் பாதி இல்லை. ரோதை முனியின் சூலத்தில் மட்டும் ஒரு எலுமிச்சம்பழம், இன்னும் வாடாமல் இருந்தது. விசாரித்தால், முன்பு அங்கே ரோதையில் வேலை செய்த தாத்தா ஒருவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து சூடம் கொளுத்திவிட்டுப் போகிறாராம்.