சிஎச்எஸ்எச் சோதனையின் எஸ் மதிப்பு 2-ஐத் தாண்டாவிட்டால் குவாண்டம் பின்னலே (entanglement) இல்லையா?

சிங்லெட்டின் (இரண்டு குவிபிட்டுகள், அதாவது குவாண்டம் பிட்டுகள், முழுமையாகப் பின்னிய நிலை) பங்கு 0.6, மீதி வெறும் இரைச்சல் என்ற வெர்னர் நிலைக்கு சிஎச்எஸ்எச் (பெல் சமனின்மையின் ஒரு வடிவம்) எஸ் மதிப்பு அதிகபட்சம் 1.70 வந்தது, அதனால் பின்னல் இல்லை என்கிறீர்கள். கணக்கு சரி, முடிவுதான் தப்பு. பலரும் சறுக்கும் இடம் இது. சிஎச்எஸ்எச் மீறலுக்கு, அதாவது எஸ் 2-ஐத் தாண்ட, சிங்லெட்டின் பங்கு 0.707-ஐத் தாண்ட வேண்டும். பின்னலுக்கோ 1/3-ஐத் தாண்டினாலே போதும். பின்னல் இருந்தும், வீழ்த்தல் (projective) அளவீடுகளின் முடிவுகளை உள்ளிட மறைமாறிகளாலேயே (துகள்கள் முன்கூட்டியே சுமந்து வரும் மறைவான தகவல்) விளக்கிவிடக்கூடிய நிலைகள் உண்டு என்று 1989-லேயே வெர்னர் காட்டிவிட்டார்.

பின்னல் உண்டா என்று அறிய, அடர்த்தி அணியில் (நிலையை விவரிக்கும் அணி) ஒரு குவிபிட்டின் பகுதியை மட்டும் நிரை-நிரல் இடமாற்றி (partial transpose), ஐகன் மதிப்புகளைப் பாருங்கள். ஒன்று −0.2 வரும். எதிர்மறை வந்தாலே பின்னல் உறுதி. இரண்டு குவிபிட்டுகள் என்றால், வராவிட்டால் பின்னல் இல்லை என்றும் சொல்லிவிடலாம். பின்னல் எவ்வளவு என்று அளவாக வேண்டுமென்றால், அதற்கான இரு அளவுகோல்களில் நெகட்டிவிட்டி 0.2, கன்கரன்ஸ் 0.4.