சிடி கன்சோலில் தெரியும் எண், நோயாளி பெற்ற கதிர்வீச்சா?

கேள்வி: சிடி ஸ்கேன் பிரிவில் டெக்னீஷியனாகப் பணிபுரிகிறேன். ஸ்கேன் முடிந்ததும் கன்சோலில் சிடிடிஐவால், டிஎல்பி என இரண்டு எண்கள் வருகின்றன. 'எவ்வளவு கதிர்வீச்சு பட்டது?' என்று நோயாளியின் உறவினர் கேட்டால், முதல் எண்ணைச் சொல்லலாமா?

பதில்: சொல்ல வேண்டாம், அந்த எண் நோயாளியின் உடலில் அளக்கப்பட்டதே அல்ல. 16 அல்லது 32 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் உருளைக்குள், நீங்கள் வைத்த கேவி (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம்), எம்ஏஎஸ் (குழாய் மின்னோட்டமும் நேரமும் பெருக்கியது), பிட்ச் (ஒரு சுற்றுக்கு மேசை நகரும் வீதம்) அமைப்பில் எவ்வளவு கதிர்வீச்சு பதிவாகும் என்பதையே சிடிடிஐவால் மில்லிகிரேயில் (உறிஞ்சப்பட்ட கதிர்வீச்சின் அலகு) காட்டுகிறது. ஆகவே ஒரே அமைப்பில் மெலிந்தவரையும் பருத்தவரையும் ஸ்கேன் செய்தால் எண் மாறாது. ஆனால் கதிர்களைத் தடுக்கும் திசு குறைவாக இருப்பதால், மெலிந்தவரின் உள்ளுறுப்புகளே அதிகம் பெறுகின்றன. குழந்தைகளிடம் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. எந்த உருளைக்கான எண் என்பதையும் கவனியுங்கள்: அதே அமைப்பில் 16 செ.மீ. உருளைக்கான எண், 32 செ.மீ. உருளைக்கானதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். இதைப் பார்க்காமல் இரண்டு கருவிகளை ஒப்பிட்டுக் குழம்புபவர்கள் அனுபவசாலிகளிலும் உண்டு.

டிஎல்பி என்பது சிடிடிஐவாலை ஸ்கேன் நீளத்தால் பெருக்கி வருவது. 40 செ.மீ. போதுமான இடத்தில் 50 செ.மீ. எடுத்தால் முதல் எண் அசையாது, டிஎல்பி கால் பங்கு கூடிவிடும்.

உறவினருக்குப் பதில் சொல்ல டிஎல்பியே உதவும். பெரியவர்களின் மார்பு ஸ்கேனுக்கு அதை 0.014 ஆல் பெருக்கினால் பயனுறு அளவு (உறுப்புகள் கதிர்வீச்சால் பாதிக்கப்படும் தன்மையையும் சேர்த்து, முழு உடலுக்கெனக் கணக்கிடும் அளவு) மில்லிசீவர்ட்டில் தோராயமாகக் கிடைக்கும். டிஎல்பி 400 என்றால் 5.6. இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்பதால், 'இயற்கையில் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் கிடைக்கும் அளவு' என்று கூறலாம். தலைக்கும் வயிற்றுக்கும் குணகம் வேறு, தலைக்கு 0.0021 மட்டுமே. இது சராசரி உடலுக்கான மதிப்பீடு என்பதால், அதை வைத்து அந்த ஒருவரின் புற்றுநோய் வாய்ப்பைக் கணித்துச் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கேள்வி வந்தால் கதிரியக்க மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எண்களைப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கே தேவை. பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் கதிர்வீச்சு மிகுந்தால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்தது. சிடியிலோ அளவு நான்கு மடங்கானால் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கலக்கம்) பாதியாகிப் படம் அழகாகிறது, யாரும் குறை சொல்வதில்லை. மிகையைக் காட்டிக்கொடுப்பவை அந்த இரு எண்கள் மட்டுமே.