கொட்டிய அமிலத்தில் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: எங்கள் பட்டறையில் அடர் கந்தக அமில கேன் சரிந்தபோது, மேஸ்திரி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடச் சொன்னார். அது சரியா? – வாசகர், மணலி

பதில்: சரியன்று. அடர் கந்தக அமிலத்தில் தண்ணீர் பட்டால் கடும் வெப்பம் எழுந்து அமிலம் தெறிக்கும். வழிந்தோடும் நீரோ மழைநீர் வடிகால் வழியே பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்ச் சேரும். மற்றவர்களை விலக்கிய பின், அமிலம் தாங்கும் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் அணிந்தவர் உலர்ந்த மணலால் சுற்றிலும் வரப்புக் கட்டி, சமையல் சோடாவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தூவி, நுரைப்பது அடங்கியதும் பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி டிரம்மில் சேர்க்க வேண்டும். அப்போதும் வாயு வெளிவரும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. பலரும் கைக்கெட்டிய மரத்தூளைக் கொட்டுவார்கள். அமிலம் அதைக் கருக்கிச் சூடேற்றிவிடும். பெரிய அளவில் கொட்டினால் வெளியேறி 101-ஐ அழைப்பதே சரி.

உடலில் பட்டால் மட்டும் ஏராளமான தண்ணீர் தேவை: உடையைக் களைந்து, குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவியபடியே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

மேஸ்திரியைக் கடிந்துகொள்வதைவிட, அந்த கேன் ஏன் நடைவழியில் இருந்தது என்று கேளுங்கள். முழு கேன் கவிழ்ந்தாலும் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டிக்குள் அதை வையுங்கள். பிளீச்சிங் பவுடரை அருகில் வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.