லாச்சுங்கில் தலையிடித்தால் மொமோவைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆவதால் அடுத்த ஏப்ரலில் நானும் கணவரும் சிக்கிம் பக்கம் போகிறோம். காலிம்பொங்கில் இரண்டு இரவு, கேங்டொக்கில் இரண்டு இரவு, லாச்சுங்கில் ஓர் இரவு. எல்லா இடத்திலும் ஹோம்ஸ்டேதான். கணவருக்கு 54 வயது. எட்டு வருடமாக நீரிழிவு, கூடவே பிரஷர். மெட்ஃபோர்மின், கிளிக்லசைட், லொசார்டன் எடுக்கிறார். எனக்கு 49, தைரொக்சின் மட்டும். நேபாளம், திபெத், பூட்டான் மூன்றும் சுற்றியிருப்பதால் அங்கே சாப்பாடும் கலவையாக இருக்குமாம். ஒன்றையும் விடாமல் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் நிற்கிறார். புளிக்க வைத்த சோயா, பன்றி இறைச்சி, உப்புத் தேத்தண்ணீர், குரக்கன் மது என்று கேட்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு கிழமைக்குத் தேவையான பிஸ்கட்டும் நூடுல்ஸும் இங்கிருந்தே கொண்டு போகலாமா?

பதில்:

அன்பின் சகோதரி, பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்று கீழே சொல்கிறேன். ஆனால் சாப்பாட்டுக்குப் பதிலாக வேண்டாம். இத்தனை தூரம் போய், ஒரு வீட்டுக்காரர் தன் அடுப்பில் சமைத்துத் தரும்போது அறைக்குள் இருந்து நூடுல்ஸ் கரைப்பது உங்கள் இருபத்தைந்து வருடத்துக்கு நல்ல கொண்டாட்டம் ஆகாது. அதற்கு மருத்துவக் காரணமும் இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பயப்பட வேண்டிய இடத்தில் நீங்கள் பயப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாப்பாட்டின் பெயர்களை எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். லாச்சுங் எவ்வளவு உயரம் என்று எழுதவில்லை. இரத்தத்தில் சீனியை இறக்கும் குளிசையான கிளிக்லசைட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. இந்த இரண்டும்தான் என்னை யோசிக்க வைக்கின்றன.

முதலில் உயரம். நுவரெலியா 1,868 மீட்டர். நமது நாட்டின் மிக உயர்ந்த இடமான பிதுருதலாகல 2,524 மீட்டர். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தொடங்கும். அதனால் இலங்கையிலேயே இருப்பவர்களுக்கு அந்த நோய் எப்படி இருக்கும் என்றே தெரிய வாய்ப்பில்லை. 'நுவரெலியாவில் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காலிம்பொங் ஏறக்குறைய 1,250 மீட்டர், கேங்டொக் 1,650. இந்த இரண்டு இடத்திலும் கவலை இல்லை. லாச்சுங் 2,700 மீட்டருக்கு மேல். அங்கே ஓர் இரவு படுத்து, விடியக்காலையில் யும்தாங் பள்ளத்தாக்குக்கு, அதாவது 3,500 மீட்டருக்கு மேல், கூட்டிப்போவார்கள். அதற்கும் அப்பால் ஸீரோ பொயிண்ட் என்ற இடம் ஏறக்குறைய 4,600 மீட்டர். அனுமதி கிடைத்தாலும் அதை விட்டுவிடுங்கள். முதல் நாள் 1,650 மீட்டரில் படுத்தெழும்பிய ஆளை மறுநாள் 4,600 மீட்டரில் கொண்டுபோய் நிறுத்துவது நல்ல பயணத் திட்டமல்ல, ஜீப்பில் போனாலும் சரி. நடந்துபோனால் உடம்பு தானாக நின்றுவிடும், ஜீப் நிற்காது.

லாச்சுங்கில் ஓர் இரவுக்குப் பதிலாக இரண்டு இரவு தங்க முடிந்தால் அதுவே நான் தரும் முதல் மருந்து. போய்ச் சேரும் நாளில் மெதுவாக நடந்து, நேரத்தோடு சாப்பிட்டுப் படுங்கள். உயர நோயைத் தடுக்க எடுக்கும் அசெட்டாசோலமைட் என்ற குளிசை பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து 125 மி.கி. காலையும் மாலையும் என்று வழமையாகக் கொடுப்போம். யும்தாங்கோடு திரும்பினால் உங்கள் இருவருக்கும் அது தேவைப்படாமலே போகலாம். கணவர் எடுப்பதானால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை பார்த்து, அவருடைய வைத்தியர் சம்மதித்த பிறகுதான். சல்ஃபா மருந்து ஒவ்வாமை யாருக்காவது இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மொமோ என்பது இறைச்சியோ மரக்கறியோ உள்ளே வைத்து ஆவியில் அவிக்கும் மாக் கொழுக்கட்டை. லாச்சுங்கில் இரவு பத்து மணிக்குக் கணவருக்குத் தலையிடிக்கிறது, குமட்டுகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை என்று வையுங்கள். நீங்கள் உடனே என்ன சொல்வீர்கள்? 'நான் அப்பவே சொன்னேன், அந்தப் பன்றி மொமோ வேண்டாம் என்று.' ஏறக்குறைய எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த உயரத்தில் தலையிடியும் குமட்டலும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் தெளிவாகத் தெரியும் வரை உயரத்தையே குற்றவாளியாக வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டால் வரும் கோளாறில் வயிற்றோட்டம் இருக்கும், சில வேளை காய்ச்சலும் இருக்கும். உயர நோயில் வயிற்றோட்டம் வராது. வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி, பசித்து, பேச்சும் தடுமாறினால் அது சீனி இறங்கியது. மூன்றும் ஒன்றையொன்று போல இருப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். சந்தேகம் வந்த உடனே விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். சீனி சரியாக இருந்து, தலையிடி மட்டும் என்றால் பரசிட்டமோல் எடுத்து ஓய்வெடுக்கலாம், அதற்கு மேலே ஏறவே கூடாது. நேர்க்கோட்டில் குதிக்காலை விரலோடு ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் கூடினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டுக்காரரை எழுப்பி, வாகனம் பிடித்து, அந்த இரவே கீழே இறங்குங்கள். இறங்குவதுதான் அதற்கு வைத்தியம்.

கிளிக்லசைட் கதை வேறு. உயரத்தில் பசி குறையும், நடை கூடும், மலைப் பாதையில் மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குப் போகும். குளிசை அதற்காகக் காத்திருக்காது. சாப்பாடு கண்ணுக்கு முன்னால் வந்த பிறகு குளிசையைப் போடுவது என்று பழக்கப்படுத்துங்கள். அன்று சாப்பிடவே முடியவில்லை என்றால் அந்த வேளை கிளிக்லசைட் வேண்டாம். மலையில் இருக்கும் நாட்களுக்கு அளவைக் குறைக்க வேண்டுமா என்று போவதற்கு முதல் அவருடைய கிளினிக்கில் கேளுங்கள். நீங்கள் சொன்ன பிஸ்கட் இப்போது உதவும். அவருடைய ஜக்கெட் பையில் ஒரு பக்கெட் பிஸ்கட்டும் குளுக்கோஸும் எந்நேரமும் இருக்கட்டும். சீனி 70க்குக் கீழே போனால் முதலில் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ், பதினைந்து நிமிடத்தில் மறுபடி பரிசோதனை, ஏறிய பிறகு பிஸ்கட். சீனி பார்க்கும் கருவி குளிரில் பிழை காட்டும். அதையும் ஜக்கெட்டுக்குள்ளேயே வையுங்கள்.

சரி, சாப்பாடு. சிக்கிமுக்கு மேற்கே நேபாளம், வடக்கே திபெத், கிழக்கே பூட்டான். 1975இல்தான் இந்தியாவின் ஒரு மாநிலமானது. லெப்சா, பூட்டியா, நேபாளி மூன்று மக்களின் அடுப்பும் ஒரே ஊரில் எரிகிறது. இறைச்சியும் மரக்கறியும் மிதக்கும் சூடான நூடுல்ஸ் சூப்பான துக்பா திபெத்திய வழி. குந்த்ரூக் என்ற புளிக்க வைத்துக் காயவைத்த கீரை நேபாள வழி. கினெமா என்ற புளித்த சோயா, கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் வாழும் லிம்பு மக்களுடையது. மணம் கடுமையாக இருக்கும், ஆனால் மாசியும் கருவாடும் மணக்க வளர்ந்த நமக்கு அது பெரிய காரியமில்லை. புளித்தது என்றால் கெட்டது என்று நினைக்க வேண்டாம், நமது அப்ப மாவும் இரவில் புளித்ததுதான். குந்த்ரூக் உப்புச் சேர்க்காமல் புளிக்க வைப்பது. பிரஷர்காரருக்கு நமது ஊறுகாயைவிட எவ்வளவோ மேல். தொட்டால் அரிக்கும் சிஸ்னு இலையில் ஒரு சூப் வைப்பார்கள். வெந்ததும் அரிப்பு போய்விடும், தயங்காமல் குடியுங்கள். உங்கள் தைரொக்சினை மட்டும் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் தேநீர் குடியுங்கள். சோயாவும் பாலும் அதோடு சேரக் கூடாது. இதை வாசிப்பவர்களில் இரத்தம் உறையாமல் இருக்க வோர்ஃபரின் எடுப்பவர்கள் இருந்தால் கினெமாவைத் தவிர்ப்பது நல்லது. ஜப்பானியரின் புளித்த சோயாவான நாட்டோ போலவே இதுவும் பசிலஸ் நுண்ணுயிரால் புளிப்பது, அந்த வகையில் வைட்டமின் கே கூடுதல், அது வோர்ஃபரினின் வேலையைக் குறைக்கும்.

பன்றி இறைச்சி நன்றாக வெந்திருந்தால் ஆபத்தில்லை. மொமோவை முதலில் பிய்த்துப் பாருங்கள். உள்ளே ஆவி பறக்க வேண்டும், இறைச்சி இளஞ்சிவப்பாக இருக்கக் கூடாது. மாட்டிறைச்சி மொமோவும் அங்கே சாதாரணம், சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. மூளையில் கட்டி வைத்து வலிப்பை உண்டாக்கும் நாடாப்புழு நோய் பன்றி இறைச்சியைத் தின்பதால் நேரடியாக வருவதல்ல. அந்தப் புழுவின் முட்டை ஒட்டிய பச்சை மரக்கறியாலும் கழுவாத கையாலும் வருகிறது. சுத்த சைவருக்கும் வரும். ஆகவே என் பயம் மொமோவில் அல்ல, அதன் பக்கத்தில் வைக்கும் பச்சைக் கோவா சலாதிலும், பச்சைத் தண்ணீர் விட்டரைத்த சட்னியிலும்தான். அங்கத்தைய தல்லே என்ற உருண்டைக் கொச்சிக்காய் நல்ல உறைப்பு. ஊறுகாயாக இருந்தால் துளி தொட்டுக்கொள்ளலாம்.

தண்ணீருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. லாச்சுங் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 91 பாகையிலேயே கொதித்துவிடும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் முழுக் கொதி கொதிக்க வேண்டும். வீட்டுக்கார அம்மாவிடம் மரியாதையாகக் கேட்டால் ஃபிளாஸ்க் நிறைய வைத்துத் தருவார்.

உப்பும் வெண்ணெயும் கடைந்த தேநீரை ருசி பார்க்கலாம். கோப்பை குறையக் குறைய நிரப்புவது அங்கத்தைய உபசாரம். போதும் என்றால் நிறைந்த கோப்பையை அப்படியே வைத்திருந்து, புறப்படும்போது குடித்து முடியுங்கள். உப்பு இரண்டாவது கோப்பைக்குப் போகாது, வீட்டுக்காரர் மனமும் நோகாது. சுர்பி என்ற கடினப் பாற்கட்டியை மணிக்கணக்கில் வாயில் ஒதுக்கி மெல்லுவார்கள். பல்லுக்கு உறை போட்டவர்களும் கட்டுப்பல் உள்ளவர்களும் அதை விட்டு, மென்சுர்பி போட்ட கறியைக் கேளுங்கள்.

குரக்கன் மதுவுக்குத் தோங்பா என்று பெயர். புளித்த குரக்கனில் சுடுநீர் ஊற்றிக் குழாயால் உறிஞ்சுவார்கள், குறையக் குறைய மறுபடி ஊற்றுவார்கள். எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கே இருக்காது. கிளிக்லசைட்டும் மதுவும் சேர்ந்தால் நடுச்சாமத்தில், தூக்கத்திலேயே சீனி இறங்கலாம். உயரத்தில் மது தூக்கத்தின்போது மூச்சையும் மந்தமாக்கும். உங்கள் கணவரிடம் நான் நேரே சொல்கிறேன்: ஐயா, காலிம்பொங்கில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு நாலு உறிஞ்சு, அதோடு போதும். லாச்சுங்கில் தொடவே வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தும் வயிற்றோட்டம் வரலாம். உடம்பு வறளாமல் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பக்கெட் ஆறு கொண்டு போங்கள், ஒன்றுக்கு ஒரு லீட்டர் கொதித்தாறிய நீர். வாந்தியும் வயிற்றோட்டமும் பலமாக இருந்தால் மெட்ஃபோர்மினையும் லொசார்டனையும் அந்த நாட்களில் நிறுத்தி வையுங்கள். உடம்பு வறளும்போது இரண்டும் சிறுநீரகத்துக்குப் பாரமாகும். வழமைபோலச் சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் மறுபடி எடுக்கலாம். பாமசியில் சிப்ரோஃப்ளொக்சசின் வாங்கிப் போடாதீர்கள். நமது பிராந்தியக் கிருமிகள் பல அதற்கு அடங்குவதில்லை, கிளிக்லசைட்டோடு சேர்ந்தால் சீனியையும் இறக்கும். தேவைக்கு என்று அஸித்ரோமைசினை உங்கள் வைத்தியரிடமே எழுதி வாங்குங்கள். இரத்தம் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டைபொயிட் ஊசியைப் புறப்படக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முதலும், ஹெப்படைட்டிஸ் ஏ ஊசியை அதே நேரத்திலும் போட்டுக்கொள்ளலாம். குளிசைகளை ஒரு கிழமைக்கு அல்ல, இரண்டு கிழமைக்கு எடுங்கள். 2023 ஒக்டோபரில் பனி ஏரி உடைந்து தீஸ்தா ஆறு பெருக்கெடுத்தபோது வட சிக்கிம் பாதைகள் துண்டிக்கப்பட்டு, பயணிகள் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். மண்சரிவு அங்கே ஒவ்வொரு மழைக்கும் உண்டு.

இன்னும் ஒன்று. மலை ஏற முதல் வரும் பாக்டோக்ரா விமான நிலையம், சிலிகுரி நகர் பக்கம் தாழ்நிலம், அங்கே மலேரியா நுளம்பு உண்டு. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்ததால், நமது இளம் வைத்தியர்கள் பலர் ஒரு மலேரியா நோயாளியையும் கண்டிருக்க மாட்டார்கள். புறப்பட முதலே நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியாத் தடுப்பு இயக்கத்துக்குப் போய், உங்கள் வழித்தடத்துக்குத் தடுப்புக் குளிசை வேண்டுமா என்று கேளுங்கள். திரும்பி வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் அடித்தால், டெங்கு என்று மட்டும் எண்ணி இருந்துவிடாமல், இந்தியா போய் வந்ததை வைத்தியரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லி, மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.