350 சிசி பைக், பள்ளத்தில் இறங்கினால் மணிக்கட்டு வரை அடிக்கிறது. யுஎஸ்டி ஃபோர்க் (தலைகீழாக வரும் முன்பக்க சஸ்பென்ஷன்) மாட்டினால் ஸ்மூத் ஆகுமா?

போடாதீர்கள். யாரோ ஒரு நண்பர் "பழைய கேடிஎம் டியூக் ஃபோர்க் ஒன்று கைவசம் இருக்கு மச்சி, சல்லிசா முடிச்சிடலாம்" என்று ஆசை காட்டியிருப்பார், அதனால்தான் இந்தக் கேள்வியே வந்திருக்கும்.

யுஎஸ்டி சொகுசுக்காக வந்த சமாச்சாரமே இல்லை. தடித்த குழாய் மேலே, டீ (இரண்டு ஃபோர்க் காலையும் ஹேண்டிலுக்குக் கீழே பிடித்திருக்கும் தாங்கி) பிடிக்கும் இடத்தில் வருவதால் வேகத்தில் பிரேக் அடிக்கும்போது ஃபோர்க் வளைந்து கொடுக்காது. அதன் முக்கியமான லாபம் அதுதான். நம் வண்டியில் மாட்ட வேண்டுமென்றால் டீ, வீல், பிரேக் எல்லாம் மாற வேண்டும். ஃபோர்க் நீளமும், அது ஹேண்டில் அச்சிலிருந்து முன்னால் தள்ளி நிற்கும் அளவும் (ஆஃப்செட்) மாறினால், வண்டியை நேராக ஓட வைக்கும் ட்ரெயில் என்ற அளவு மாறும், ஹேண்டில் நீங்கள் பழகிய ஹேண்டிலாக இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நான் மெக்கானிக் இல்லை. மருந்து கம்பெனி ரெப். ஈரோட்டில் கிளம்பி பவானி, கோபி, சத்தி என்று சுற்றிவிட்டு ராத்திரி வீடு வந்து சேருகிறவன். கிலோமீட்டருக்கு கம்பெனி தருகிற படி பெட்ரோலுக்கே பத்தாது, அது தனிக் கதை. ஆனால் ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும். வண்டி பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். 35 மி.மீ. குழாய், 130 மி.மீ. டிராவல் (ஃபோர்க் மொத்தமாக இறங்கக்கூடிய தூரம்), சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க்.

வழக்கமாகப் போகும் பட்டறை அண்ணனிடம் கையெல்லாம் மரத்துப் போகிறது என்றேன். "ஆயில் கிரேடை ஏத்தி, கொஞ்சம் சேர்த்தே ஊத்திரலாம் தம்பி, கல்லாட்ட நிக்கும்" என்றார். "கல்லாட்ட நிக்கறதுதாங்கண்ணா பிரச்சனையே" என்றேன். தமிழ்நாட்டில் பாதிப் பட்டறைகளில் இந்த ஒரே வைத்தியம்தான். நல்ல மனுஷர், இன்ஜின் வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதற்காக இதிலும் அவர் சொன்னதே சரி என்று ஆகிவிடாது.

ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் ஃபோர்க்குக்குள் இருப்பது டேம்பர் ராடு. ஒரு குழாயில் சின்னச் சின்ன ஓட்டைகள், அதன் வழியாக ஆயில் பிதுங்கிப் போக வேண்டும். ஓட்டையின் அளவு மாறாது, ஆனால் ஃபோர்க் இறங்கும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக இறங்குகிறது, ஆயில் சுலபமாக ஓடுகிறது, வண்டியின் முன்பக்கம் மூக்கு குத்துகிறது. கூரான பள்ளத்தில் படக்கென்று இறங்க வேண்டும், ஆயில் ஓட்டையில் அடைத்துக்கொள்கிறது, அடி நேராகக் கைக்கு வருகிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் மூக்கு குத்துவது கொஞ்சம் குறையும், பள்ளத்து அடி ஏறும். அளவுக்கு மேல் ஊற்றினால் மேலே இருக்கும் காற்று இடம் சுருங்கி, கடைசி இறக்கத்தில் விறைத்துப்போய், சீலையும் தள்ளிவிடும்.

நான் முதலில் செய்தது ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை மாட்டியதுதான், ஃபோர்க் எவ்வளவு இறங்கியது என்று அது நகர்ந்து காட்டும். வீட்டுக்காரம்மா வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, பேக்கோடு ஏறி உட்கார்ந்து பார்த்தேன். 130-இல் 60 மி.மீ. உட்கார்ந்ததிலேயே போய்விட்டது. 40 சுமாருக்கு இருக்க வேண்டும். என் எடை 92 கிலோ, சாம்பிள் பேக் வேறு. ஆக, ஸ்பிரிங் எனக்குப் பத்தவில்லை. சிலர் மேலே பிவிசி பைப் துண்டு வைத்து அழுத்துவார்கள், அதில் உயரம் ஏறுமே தவிர ஸ்பிரிங் கெட்டியாகாது.

என் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் வரவழைத்தேன். புது ஆயில் சீல், மேனுவலில் போட்டிருக்கும் அதே பருமனில் ஆயில். (ஒரு கம்பெனி 10 டபிள்யூ இன்னொரு கம்பெனி 10 டபிள்யூவுக்குச் சமமாக இருக்காது, 40 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தனம் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்று டப்பாவில் பாருங்கள்.) பழைய ஆயிலை வடித்தபோது சாம்பல் நிறத்தில், இரும்புத் தூள் மினுங்க, மீன் நாற்றத்தோடு வந்தது. இத்தனை சர்வீஸ் பில்லிலும் 'ஃபோர்க் ஆயில்' என்ற வரியே இல்லை. மாட்டும்போது, முன்சக்கர அச்சை ஃபோர்க் காலில் இறுக்கும் ஆக்சில் கிளாம்ப் போல்ட்டை முடுக்குவதற்கு முன் ஹேண்டிலைப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கச் சொன்னேன். இரண்டு காலும் ஒன்றுக்கொன்று நேராக நிற்காவிட்டால் எந்த ஸ்பிரிங் போட்டாலும் உள்ளே பிடிக்கும். பட்டறை அண்ணன் சிரித்தார், ஆனால் செய்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

"எமுலேட்டர் போட்டிருக்கலாமே" என்று ஒருவர் வருவார், தெரியும். ரேஸ் டெக் கம்பெனியின் கோல்டு வால்வு மாதிரி ஒன்றை டேம்பர் ராடின் தலையில் உட்கார வைத்தால் அடைத்துக்கொள்ளும் பிரச்சனை தீரும்தான். ராடில் ஓட்டை பெரிதாக்க வேண்டும், அதற்குப் பிறகு மேலே எழும்பும் வேகத்தை மட்டும் ஆயில் பார்த்துக்கொள்ளும். நல்ல விஷயம், காசிருந்தால் செய்யுங்கள். ஆனால் ஸ்பிரிங் சரியில்லாமல் அதைப் போட்டுப் பிரயோஜனமில்லை.

எல்லாவற்றையும் ஃபோர்க் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-இல் சொன்ன வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கலாம். எங்கள் பக்கம் பார்த்திருக்கிறீர்களா? வார்டுக்காரர் வீட்டு முன்னால் ஒரு சாண் அகலத்தில் கான்கிரீட்டைக் கொட்டி, பெயின்ட்டும் அடிக்காமல் விட்டிருப்பார்கள். கோயில் திருவிழாவுக்குப் போட்டது திருவிழா முடிந்தும் இருக்கும். கேட்டால் "உங்க நல்லதுக்குத்தாங்க". எந்த ஃபோர்க்காலும் அதை விழுங்க முடியாது.

செலவு பண்ணுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். பங்கில் கேட்காமலே முன் டயருக்கு 35 ஏற்றிவிடுகிறார்கள். மேனுவல் அளவுக்கு இறக்கியதுமே பாதிப் பேருக்குக் கை வலி குறையும். அடுத்து முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டீயில் கடகடவென்று கேட்டால் கோளாறு கோன்செட்டில் (ஹேண்டில் திரும்பும் பேரிங்), ஃபோர்க்கில் இல்லை. குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல், அதை உடனே மாற்றுங்கள், டிஸ்க்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. மூன்றும் சரியாக இருந்தால் கேபிள் டை போட்டு அளந்து, அந்த அளவையும் உங்கள் எடையையும் கீழே எழுதுங்கள். ஸ்பிரிங்கா ஆயிலா என்று பார்த்துச் சொல்கிறேன்.