பேராதனையில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறேன், பாடத்துக்கு வெளியே என்ன செய்யலாம்?

தம்பி, ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து வந்து இரண்டாம் வருடம் படிப்பதாகவும், ஆய்வை எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தோட்டத்திலேயே தொடங்குங்கள். மழைக்காலத்தில் கொப்புள நோய் பிடித்த இளம் தேயிலைக் கொழுந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எண்ணெய் பட்டது போல ஒரு சிறு புள்ளி. பிறகு மேல்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைக்கும். அந்தப் புள்ளி நிலையிலேயே போன் கமராவால் கண்டுபிடிக்க முடியுமா? அருமையான ஆய்வுக் கேள்வி இது. நாள், இடம் குறித்துப் படங்கள் சேருங்கள். விரிவுரையாளரிடம் வெறுங்கையோடு போகாமல் 50 படத்தோடு போங்கள். அவர் மூலம் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தையும் அணுகலாம். ஒன்று கவனம்: நோயைக் கண்டுபிடிக்கக் கணினிக்குப் பயிற்சி கொடுக்கும் படங்களிலும், பிறகு அதைச் சோதிக்கும் படங்களிலும் ஒரே செடியின் படங்கள் கலந்துவிட்டால் முடிவு பொய்யாக உயரும்.

போட்டி என்றால், ஐஇஇஇ என்ற சர்வதேசப் பொறியியலாளர் அமைப்பின் நிரலாக்கப் போட்டியான ஐஇஇஇ எக்ஸ்ட்ரீம்: மூன்று பேர் வரை ஓர் அணி, 24 மணி நேரம், ஐஇஇஇ மாணவர் உறுப்புரிமை தேவை.

திறந்த மூல மென்பொருள் திட்டங்களுக்கு நிரல் எழுத வைக்கும் கூகுள் சம்மர் ஒஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. மொறட்டுவை மாணவர்கள் அதில் பெயர் எடுத்தவர்கள், நீங்களும் எடுக்கலாம். வீட்டிலிருந்தே வேலை, உதவித்தொகையும் உண்டு. ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று தயங்காதீர்கள். விண்ணப்பத்துக்குச் சில மாதம் முன்பே, பிடித்த திட்டத்தில் ஒரு சிறு பிழையையாவது திருத்தி அனுப்பிவிடுங்கள்.