விரல் நிமிருமா?

கேள்வி: மதுரையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை செய்கிறேன். நான்கு ஆண்டுகளாக முடக்கு வாதம். வலது கை விரல்கள் கோணிவிட்டன. கோணியது இனி நேராகாது, மேலும் கோணாமல் தடுக்கலாம் என்று சொல்லி, வாரம் ஒரு நாள் சாப்பிட மாத்திரை தருகிறார் மருத்துவர். குறி சொல்லும் அம்மா ஒருவரோ, ஒரு மண்டலம் மாத்திரையைத் தொடாமல் விரதம் இருந்தால் விரல் நிமிரும், நம்பாதவர்களுக்குத்தான் பலிக்காது என்கிறார். 'நடக்காததை நினைத்து ஏங்காதே' என்கிறாள் மகள். நடக்காதது நடக்கும் என்று நம்புவது தவறா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, நம்புவதில் தவறே இல்லை. அந்த நம்பிக்கைக்கு ஈடாக உங்களிடம் எதைக் கேட்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கும் இதே நோய்தான். உறவுப் பெண்கள் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்கு வாதம் தாக்கி, 1948-இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, பேனாவைக்கூடப் பிடிக்க முடியாமல் நெடுநாள் படுக்கையில் கிடந்தார். மகப்பேறு மருத்துவம் இனிக் கைகூடாது என்று தெரிந்ததும் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களுக்கிடையே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, தம் கைக்கு ஏற்றபடி கருவிகளையும் அமைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-இல், 11 படுக்கைகளோடு அவர் ஆரம்பித்த மருத்துவமனைக்கு ஸ்ரீ அரவிந்தரின் பெயரை வைத்ததிலிருந்தே, இறைநம்பிக்கையில் அவர் யாருக்கும் குறைந்தவரல்லர் என்பது விளங்கும்.

மேடைப் பேச்சாளர்கள் இதை வெறும் மன உறுதியின் கதையாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 2006-இல் மறையும்வரை அவருடைய விரல்கள் நிமிரவில்லை. முதலில் அவர் கேட்ட வரம் கிடைக்காமலேயே, அந்த விரல்களைக் கொண்டு முடியாது என்று எல்லாரும் நினைத்திருக்கக்கூடிய வேலை நடந்தது. அதற்குப் படிப்பும், பயிற்சியும், கூட நின்ற குடும்பமும் தேவைப்பட்டன.

இனி மாத்திரைக்கு வருகிறேன். இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. அங்கே உண்டாகும் வீக்கம் குருத்தெலும்பையும் எலும்பையும் மெல்ல அரிக்கிறது. உங்கள் மருந்து அந்தத் தாக்குதலை அடக்கி வைக்கிறது. 48 நாள் அதை விட்டால் வீக்கம் மறுபடி கிளம்பலாம். அந்த இடைவெளியில் அரிக்கப்பட்ட எலும்பு, பிறகு மாத்திரை போட்டாலும் திரும்ப வளர்ந்துவிடாது. பலிக்காவிட்டால் பழி உங்கள் நம்பிக்கையின் மேல்தான் விழும் என்று அந்த அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டதையும் கவனியுங்கள். எனக்கு அதுதான் கோபமூட்டுகிறது. விரதம் இருக்க விரும்பினால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மாத்திரையையும் இரத்தப் பரிசோதனையையும் விடாமல் இருங்கள். வாரம் ஒரு நாள் என்று சொன்ன மாத்திரையை, சீக்கிரம் குணமாகட்டும் என்று தினமும் போட்டுவிடவும் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் மகள் ஏமாற்றத்திலிருந்து உங்களைக் காக்க நினைக்கிறாள். அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் விரல் நிமிராது என்பதால் வேலையும் முடியாது என்று அவள் முடிவு கட்டிவிட்டால், அதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, கைப்பயிற்சி சொல்லித்தரும் தெரபிஸ்டைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கொஞ்சம் துணியும் நூலும் எடுத்துப் போய், துணியைக் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கும் வேலையை அவர் கண்முன் செய்து காட்டுங்கள். எந்த மூட்டில் பாரம் விழுகிறது, எந்த விரலுக்குத் தாங்கு பட்டை வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கைக்கு ஓய்வு தர வேண்டும் என்பதையெல்லாம் அதைப் பார்த்துத்தான் அவரால் சொல்ல முடியும். மகளையும் உடன் அழைத்துப் போங்கள்.